முதுகுப் பத்தை எவ்வளவு கனம்? அரை நூலிலிருந்து இரண்டு நூல் வரை ஓர் ஒப்பீடு

வில்லின் முதுகில் ஒட்ட வேண்டிய ஹிக்கரி மரப் பத்தை, அதாவது நீண்ட மெல்லிய மரத்துண்டு, வந்துவிட்டது. ஆறடி நீளம், ஒன்றேகால் அங்குல அகலம், கால் அங்குலக் கனம். வயிற்றுக்கான கட்டையும் இழைத்துத் தயாராக இருக்கிறது. லாங்போ என்ற நீண்ட ஆங்கில வில்லைச் செய்யத் தொடங்கும் பெரும்பாலோர் பசையைக் கலக்கும் முன்பு இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். பத்தையை அப்படியே ஒட்டிவிடலாமா, மெல்லிசாக்க வேண்டுமா? மெல்லிசாக்கினால் எவ்வளவு? என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: "கனமா இருந்தா பாதுகாப்புதானே?"

எப்போதும் அப்படி இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அளவுகளை நூல் கணக்கில் சொல்கிறேன். நம் தச்சர்களுக்கு ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். வில் செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் 1/8 அங்குலம் சரியாக ஒரு நூல், அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அரை நூல் 1.5, ஒன்றரை நூல் 5, இரண்டு நூல் 6 மி.மீ. என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

## முதலில் பெயர்கள்

வில்லின் முதுகு என்பது இலக்கைப் பார்க்கும் பக்கம். எய்பவரைப் பார்ப்பது வயிறு. முதல் தடவை கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், போகப் போகப் பழகிவிடும். நாணை இழுத்தால் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். இடையில் இரண்டும் இல்லாத ஒரு தளம் இருக்கும். அதை நடுத்தளம் என்கிறேன். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாதிகள் லிம்ப். வளைத்துப் பார்த்துப் பார்த்து வயிற்றைச் சுரண்டி, இரண்டு லிம்பையும் ஒரே சீராக வளைய வைக்கும் வேலை டில்லரிங். நாணைக் கழற்றிய பிறகும் வில் நிமிராமல் நின்றால் கூன் விழுந்துவிட்டது என்று பொருள்.

முதுகும் வயிறும் கெட்டுப்போகும் விதம் வேறு வேறு. முதுகில் ஒரு நார் அறுந்தால் சிலாம்பு கிளம்பும், சில சமயம் அதைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது, வில் இரண்டு துண்டாகிவிடும். வயிறு கெட்டால் சத்தமே வராது. கூன் விழும், குறுக்கே மயிரிழை போல நசுங்கல் கோடுகள் தெரியும், அம்பு முன்பு போன தூரம் போகாது. சத்தம் போடுகிற பக்கத்தின் மேல்தான் நம் பயமெல்லாம் போகிறது. ஆனால் நேரான ரேகையுள்ள, கணுவில்லாத மரம் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. நல்ல கட்டையில் முதலில் தோற்பது பெரும்பாலும் வயிறு.

முதுகுக்கு ஒரு மரம், வயிற்றுக்கு ஒரு மரம் என்ற ஏற்பாடு யூ மரத்துக்கு இயற்கையிலேயே உண்டு. வெளியே வெள்ளைப் பகுதி, உள்ளே செந்நிற வைரம். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் இப்படி ஒரே கட்டையில் செய்தவை. வெள்ளை முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமைந்திருக்கும். நாம் பத்தை ஒட்டுவது, அப்படிப்பட்ட யூ கட்டை கைக்குக் கிடைக்காததால் செய்துகொள்ளும் ஏற்பாடுதான்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பேச்சுக்கு ஒரே ஒரு வில்லை எடுத்துக்கொள்கிறேன். முனைக்கு முனை 72 அங்குலம், நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க 50 பவுண்டு விசை (சுமார் 23 கிலோ), கைப்பிடி அருகே லிம்பின் மொத்தக் கனம் 25 மி.மீ., நுனியருகே 12 மி.மீ. இந்த வில்லுக்கு ஒவ்வொரு பத்தையையும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று, அடியில் இருக்கும் வயிற்றுக் கட்டையை இழுப்பிலிருந்து எவ்வளவு காக்கிறது? வளைந்த லிம்பில் மேற்பரப்புதான் அதிகம் இழுபடும், நடுத்தளத்தை நெருங்க நெருங்க இழுப்பு குறையும். 25 மி.மீ. லிம்பில் அரை நூல் பத்தைக்கு அடியில், பசைக்கோட்டில், வயிற்றுக் கட்டை படும் இழுப்பு மேற்பரப்பில் உள்ளதில் 88 சதவீதம். ஒரு நூலில் 76, ஒன்றரை நூலில் 60, இரண்டு நூலில் 52. இந்தக் கேள்வியில் மட்டும் பார்த்தால் கனமான பத்தை ஜெயிக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டு, வயிற்றின் மேல் எவ்வளவு சுமையை ஏற்றுகிறது? பத்தை வயிற்றைவிட விறைப்பாக இருந்தால் நடுத்தளம் முதுகுப் பக்கம் நகரும். அதே வளைவுக்கு வயிறு கூடுதலாக நசுங்க வேண்டிவரும். பத்தை ஒன்றரை மடங்கு விறைப்பு என்று வைத்தால், கைப்பிடி அருகே ஒரு நூல் பத்தை வயிற்றின் நசுக்கலை 5 சதவீதமும், இரண்டு நூல் 8 சதவீதமும் கூட்டுகின்றன. சின்ன எண்தான். ஆனால் வயிறு ஏற்கெனவே தன் எல்லையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. இதோடு லாங்போவுக்கே உரிய உருண்ட வயிறு வேறு. இந்தக் கணக்கெல்லாம் செவ்வக வெட்டுமுகத்துக்குப் போட்டது. உருண்ட வயிற்றில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மோசம்.

மூன்று, டில்லரிங்குக்கு இடம் விடுகிறதா? சுரண்டுவது வயிற்றுப் பக்கம் மட்டும். பத்தை எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறதோ அந்த அளவு நம் கைக்கு மரம் குறையும். முக்கியமாக நுனியில்.

நான்கு, லிம்ப் முழுவதும் ஒரே விகிதத்தில் இருக்கிறதா? இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. என் கணக்கில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கீழே விரிவாக வருகிறேன்.

ஐந்து, செய்ய எவ்வளவு கஷ்டம், எவ்வளவு மரம் வீண்?

## ஒரு சின்னக் கணக்கு

வளைவை எதிர்க்கும் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதனால் வெளி ஓரத்தில் இருக்கும் மரம் தன் அளவுக்கு மீறி வேலை செய்யும். பத்தையும் வயிறும் ஒரே விறைப்பு என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. லிம்பில் 1.5 மி.மீ. பத்தை மொத்த விறைப்பில் 16 சதவீதம் சுமக்கும். 3 மி.மீ. 28 சதவீதம், 5 மி.மீ. 39, 6 மி.மீ. 43. முதுகுப் பாதி முழுவதையும், 12.5 மி.மீட்டரையும், பத்தையாகவே வைத்தாலும் 50-ஐத் தாண்டாது.

ஆக முதல் ஒரு நூல் 28 சதவீதத்தைத் தூக்குகிறது. இன்னொரு நூல் சேர்த்தால் கிடைப்பது வெறும் 15. கனத்தை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பு என்ற நினைப்பு இங்கேயே உடைந்துவிடுகிறது.

இப்போது அதே பத்தையோடு நுனிக்கு வாருங்கள். லிம்ப் இங்கே 12 மி.மீ. தான். ஒரே கனத்தில் ஓடும் 3 மி.மீ. பத்தை இங்கே 44 சதவீதம் சுமக்கிறது. 5 மி.மீ. பத்தை ஏறத்தாழ 50. கைப்பிடியில் "முதுகுப் பத்தை"யாக இருந்தது நுனிக்கு வரும்போது பாதி வில்லாகிவிடுகிறது. ஒரே லிம்பில் இரண்டு வேறு வில் இருப்பது மாதிரி.

## அரை நூல் (1.5 மி.மீ.)

பார்க்க அழகு, எடுத்தால் எடையே தெரியாது. வயிற்றுக் கட்டையே நல்ல ரேகையோடு இருந்து, சிலாம்பு கிளம்பாமல் ஒரு காப்பு மட்டும் வேண்டும் என்றால் இது போதும். 30–35 பவுண்டு வில், சிறுவர்களுக்கான வில், மொத்தமே மெல்லிய தட்டை லிம்ப் ஆகியவற்றுக்கு இதுதான் சரி.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம். முதலாவது ரேகை ஓட்டம். பத்தையின் நார் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் 20-க்கு 1 என்ற சரிவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. பத்தையில் ஒரு நார் மேலிருந்து கீழே வெளியேற 120 மி.மீ. நீளம் எடுக்கும். 3 மி.மீ. பத்தையில் 60, அரை நூலில் வெறும் 30. அதாவது ஒவ்வொரு நாரும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் முடிந்துவிடுகிறது. மெல்லிய பத்தைக்கு மிகமிக நேரான மரம் வேண்டும். அப்படிப்பட்ட மரம் கையில் இருந்தால் அதிலேயே முழு வில்லும் செய்யலாமே என்ற கேள்வியும் கூடவே வரும்.

அடுத்தது ஓரம். வில்லின் முதுகு ஓரங்களைக் கூர்மையாக விடக்கூடாது, சிலாம்பு அங்கிருந்துதான் கிளம்பும். 2–3 மி.மீ. உருட்டினால் அரை நூல் பத்தை அந்த ஓரத்தில் காணாமலே போய்விடும், அடியிலுள்ள வயிற்றுக் கட்டை முதுகில் எட்டிப் பார்க்கும். என் மூன்றாவது வில் இப்படித்தான் போனது. ரெட் ஓக் வயிறு, அரை நூல் ஹிக்கரி. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கும் ஆசையில் ஓரத்தில் பத்தையைத் தின்றுவிட்டேன். 26 அங்குல இழுப்பில் அந்த ஓரத்திலிருந்தே கிழிந்தது. ஹிக்கரி மேல் எந்தத் தப்பும் இல்லை.

கடைசியாகச் செய்முறை. இழைக்கும் இயந்திரத்தில் இவ்வளவு மெல்லிய பத்தையை அப்படியே விட்டால் உருளை அதைக் கடித்துச் சிதறடிக்கும். ஒரு நேரான பலகை மேல் இருபக்க டேப்பால் ஒட்டித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். உப்புத்தாள் சுற்றிய டிரம் இயந்திரம் இருந்தால் வேலை சுலபம், ஆனால் அது எல்லோர் வீட்டிலும் இருக்காது.

## ஒரு நூல், நுனிவரை ஒரே கனம் (3 மி.மீ.)

பலரும் சொல்வது, கடையில் கிடைப்பது, முதல் வில்லுக்குப் போதுமானது. கைப்பிடி அருகே 25-க்கு 3, அதாவது எட்டில் ஒரு பங்கு, நல்ல விகிதம். ஓரத்தைத் தாராளமாக உருட்டலாம். கையால் இழைத்துக்கூட இந்தக் கனத்துக்குக் கொண்டுவரலாம், மேசையில் ஒரு முனையைப் பிடித்துவிட்டு இழைப்புளியை ஓட்டினால் போதும்.

குறை நுனியில். மேலே பார்த்த 44 சதவீதம்தான். டில்லரிங்கின் கடைசிக் கட்டத்தில் நுனிப் பக்கம் விறைத்து நிற்கும், சுரண்டச் சுரண்ட அசையாது. பிறகு திடீரென்று அதிகமாக வளையும், ஏனென்றால் வயிற்றில் மிச்சமிருப்பதே 8–9 மி.மீ. இதைச் சமாளிக்கப் பலர் நுனியை அகலத்தில் குறுக்குவார்கள், நானும் அதைத்தான் செய்வேன். அகலத்தைக் குறைத்தால் விறைப்பு நேர்விகிதத்தில்தான் குறையும், மும்மடியில் அல்ல. அதனால் கை தவறினாலும் திருத்திக்கொள்ள இடம் இருக்கும்.

வயிற்றுக் கட்டை ஈபே (தென் அமெரிக்கக் கடினமரம்) மாதிரி ஹிக்கரியைவிட விறைப்பானதாக இருந்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அங்கே நடுத்தளம் எதிர்ப்பக்கம், வயிற்றை நோக்கி நகர்கிறது. ஈபேயின் அடர்த்தியும் ஹிக்கரியைவிட மிக அதிகம். நுனியில் ஹிக்கரியின் பங்கு கூடினால் எடை குறையத்தான் செய்யும். "பத்தை கனமானால் நுனி எடை கூடும்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. வயிறு எந்த மரம் என்று கேட்காமல் அதற்குப் பதில் கிடையாது.

## ஒரு நூலில் தொடங்கி அரை நூலில் முடிவது

என் தேர்வு இதுதான். பாரபட்சம் இருப்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கைப்பிடி நடுவில் 3 மி.மீ., நுனியில் 1.5. லிம்பின் மொத்தக் கனம் 25-லிருந்து 12-க்கு இறங்கும்போது பத்தையும் கூடவே இறங்குகிறது. விறைப்பில் பத்தையின் பங்கு கைப்பிடியில் 28 சதவீதம், நுனியில் 29. கிட்டத்தட்ட ஒரே எண். நடுத்தளமும் லிம்ப் முழுவதும் ஒரே விகிதத்தில் நிற்கிறது. டில்லரிங்கில் இதன் அருமை தெரியும்: கைப்பிடிப் பக்கம் ஐந்து இழுப்பு சுரண்டினால் லிம்ப் எப்படி அசைகிறதோ, நுனிப் பக்கமும் எதிர்பார்த்தபடிதான் அசையும். வில் நம்மை ஏமாற்றாது.

இது பெரிய சரிவு இல்லை. 900 மி.மீ. நீளத்தில் 1.5 மி.மீ., அதாவது 600-க்கு 1. கண்ணால் பார்த்தால் தெரியாது, வெர்னியர் காலிப்பர் வைத்தால்தான் தெரியும். செய்வதற்கு மூன்றடி நீளத்தில் அதே சரிவுள்ள ஒரு பலகையை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் போதும். அதன் மேல் பத்தையை ஒட்டி டிரம்மிலோ இழைப்பிலோ விடலாம். அந்தப் பலகை செய்ய எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வில்லுக்கும் அதுவே உழைக்கிறது. ஒரே ஒரு வில் செய்துவிட்டு நிறுத்தப் போகிறவருக்கு அந்தச் சனிக்கிழமை வீண் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சரிவை எந்தப் பக்கம் எடுப்பது? பசை பூசும் பக்கம். 600-க்கு 1 என்பது ரேகையை வெட்டும் அளவுக்குப் பெரிய சரிவு இல்லை என்றாலும், முதுகு முகத்தைத் தொடாமல் விடுவது நல்லது. ஒட்டிய பிறகு முதுகிலிருந்து இழைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. வில்லை முன்பக்கம் கொஞ்சம் வளைத்து ஒட்டியிருந்தால் முதுகு நீளவாக்கில் குழிந்திருக்கும். அதில் இழைப்புளி உட்காராது, இரண்டு முனையிலும் கடிக்கும்.

ஆறடிப் பத்தை கிடைக்காவிட்டால் மூன்றடிப் பத்தைகள் இரண்டைக் கைப்பிடிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பிடி வளையாத வில்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரிவெடுப்பதற்கும் மூன்றடித் துண்டுதான் வசதி.

## ஒன்றரை நூலும் இரண்டு நூலும் (5–6 மி.மீ.)

பயந்தவர்களின் தேர்வு இது என்று சொன்னால் கொஞ்சம் அநியாயம். பாதி உண்மையும் உண்டு. முதல் வில் கையில் வெடித்தவர் இரண்டாவது வில்லுக்குக் கால் அங்குலப் பத்தை ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வில் வெடிக்கவில்லை. மூன்று அங்குலம் கூன் விழுந்து, பார்க்கவே பாவமாகச் சுவரில் தொங்குகிறது. ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை கூன் என்றால் வில் பிழைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் அம்பில் வேகம் இருக்காது. வயிற்றின் பலவீனத்துக்கு முதுகில் மருந்து போட முடியாது என்பதுதான் அந்த வில்லின் கதை.

கனமான பத்தையின் மறைமுகச் செலவுகள்: பசைக்கோடு நடுத்தளத்தை நெருங்குகிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசை நடுத்தளத்தில்தான் உச்சம். 25 மி.மீ. லிம்பில் ஒரு நூல் பத்தையின் பசைக்கோட்டில் அது உச்சத்தில் 42 சதவீதம், இரண்டு நூல் பத்தையில் 73. நல்ல எப்பாக்ஸி, சரியாகப் பொருந்திய முகங்கள் என்றால் தாங்கும். எங்காவது இடைவெளி விட்டிருந்தால் முதலில் பிரிவது அங்கேதான். ஈபே போன்ற எண்ணெய்ப்பசை மரத்தில் இன்னும் கவனம் வேண்டும். உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, காய்ந்த கையோடு ஒட்ட வேண்டும்.

ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஹிக்கரி காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் வாங்கும், காய்ந்திருக்கும்போதுதான் அதன் உண்மையான பலம் தெரியும். பத்தையும் வயிறும் வேறு வேறு ஈரத்தோடு ஒட்டப்பட்டால் பிறகு ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. மெல்லிய பத்தை அந்த இழுபறியில் விட்டுக்கொடுக்கும். 6 மி.மீ. பத்தை விட்டுக்கொடுக்காது, லிம்பைத் தன் பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

முன்வளைவோடு ஒட்டுவதென்றால் இன்னொரு தொல்லை. இரண்டு நூல் பத்தையை வளைக்க ஒரு நூல் பத்தையைவிட எட்டு மடங்கு விசை வேண்டும். கிளாம்ப் எண்ணிக்கையை இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இது எப்போது சரி? மூன்று சூழ்நிலைகள் எனக்குத் தெரிகின்றன. 100 பவுண்டும் அதற்கு மேலும் இழுக்கும் போர்வில். கைப்பிடி அருகே மொத்தக் கனம் 32–35 மி.மீ. வரும்போது ஒன்றரை நூல் என்பது ஏழில் ஒரு பங்குதான், அது நியாயமான விகிதம். அடுத்து, வயிறு ஈபே மாதிரி நசுக்கலுக்கு அஞ்சாத மரமாக இருந்து, பத்தை மேப்பிள், ஆஷ் போல அதைவிட மென்மையானதாக இருப்பது. கடைசியாக, முதுகின் அகலத்தைக் குறைத்து வெட்டுமுகத்தைச் சரிவகமாக்கப் போகிறீர்கள் என்று முன்பே முடிவு செய்திருப்பது. முதுகு ஒடுங்கினால் அதன் ஆதிக்கம் குறையும், நடுத்தளம் வயிற்றுப் பக்கம் திரும்பும். மூன்றிலுமே நுனியை நோக்கிச் சரிவு கட்டாயம். ஒரே கனத்தில் 5 மி.மீ. நுனிவரை ஓடும் பத்தைக்கு நான் ஒரு நல்ல காரணமும் பார்த்ததில்லை.

இழுவிசை கூடினால் பத்தையும் அதே அளவு கூட வேண்டும் என்ற எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அகலம் மாறாமல் 50 பவுண்டு வில்லை 80 ஆக்க, மும்மடிக் கணக்குப்படி மொத்தக் கனம் 17 சதவீதம் கூடினால் போதும். 3 மி.மீ. பத்தை 3.5 ஆகும், அவ்வளவே. கனம் கூடினால் நசுக்கலும் கூடும் என்பதால் அந்த வில்லைக் கொஞ்சம் நீளமாக்க வேண்டியிருக்கும். அகலத்தைக் கூட்டலாம்தான், ஆனால் லாங்போவில் அதற்கும் ஒரு வரம்பு உண்டு: பிரிட்டனின் போட்டி விதிப்படி லிம்பின் கனம் அந்த இடத்து அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது. தட்டையாக அகற்றி வயிற்றைக் காப்பாற்றும் வழியை அந்த விதி பாதி அடைத்துவிடுகிறது.

## ஒரே பார்வையில்

| | அரை நூல் | ஒரு நூல், ஒரே கனம் | ஒரு நூல் → அரை நூல் | ஒன்றரை நூல், ஒரே கனம் |
|---|---|---|---|---|
| விறைப்பில் பத்தையின் பங்கு: கைப்பிடி / நுனி | 16% / 29% | 28% / 44% | 28% / 29% | 39% / 50% |
| பசைக்கோட்டில் வயிற்றுக் கட்டை படும் இழுப்பு: கைப்பிடி / நுனி | 88% / 75% | 76% / 50% | 76% / 75% | 60% / 17% |
| வயிற்றில் கூடும் நசுக்கல் (பத்தை ஒன்றரை மடங்கு விறைப்பானால்): கைப்பிடி / நுனி | 3% / 5% | 5% / 8% | 5% / 5% | 7% / 10% |
| ஓரம் உருட்ட இடம் | இல்லை | தாராளம் | நுனியில் கவனம் | தாராளம் |
| நுனியில் வயிறு மிச்சம் | 10.5 மி.மீ. | 9 மி.மீ. | 10.5 மி.மீ. | 7 மி.மீ. |
| செய்யும் சிரமம் | அதிகம் | குறைவு | முதல் தடவை அதிகம் | ஒட்டும்போது அதிகம் |

பத்தையை நீங்களே அறுப்பதாக இருந்தால் மரக்கணக்கும் உண்டு. ஓர் அங்குலக் கனப் பலகையை பேண்ட்சாவில் நெடுகப் பிளக்கும்போது, வாள் தின்பது ஒன்றரை மி.மீ., இழைத்துச் சீராக்க இன்னொரு ஒன்றரை என்று வைத்தால், ஒரு நூல் பத்தை நான்கு தேறும். இரண்டு நூல் என்றால் இரண்டுதான். அரை நூல் என்றால் எட்டு வரும் என்று நினைக்கலாம்; வருவது ஐந்து. மிச்சமெல்லாம் தூள்.

## வயிற்றுக் கட்டை எது?

நான் முதலில் கேட்பது பத்தையின் கனத்தை அல்ல, இதைத்தான். ஹிக்கரி யூவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பு. யூ வயிற்றின் மேல் ஹிக்கரி ஒட்டுவதென்றால் ஒரு நூலைத் தாண்டாதீர்கள், நுனியில் கட்டாயம் சரித்துவிடுங்கள். ஓசேஜ் ஆரஞ்சு என்ற மரம் நசுக்கலை நன்றாகத் தாங்கும். அங்கே ஒரு நூல் சுகமாக உட்காரும், சரிவு இருந்தால் இன்னும் நல்லது. லெமன்வுட்டும் அப்படியே. ஈபேயில் நீங்கள் எதைச் செய்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள்.

ரெட் ஓக் விஷயம் வேறு. வட அமெரிக்காவில் மலிவாக எங்கும் கிடைப்பதால் பலருக்கு முதல் வில் அதில்தான். ஹிக்கரி ஒட்டினால் முதுகு பிழைக்கும். ஆனால் ஒடுங்கிய, உருண்ட வயிறுள்ள லாங்போ வடிவில் 40 பவுண்டுக்கு மேல் ரெட் ஓக் கூன் விழும், பத்தை எந்தக் கனமானாலும். அதை அகலமான தட்டை வில்லாகச் செய்யுங்கள். லாங்போதான் வேண்டும் என்றால் வேறு கட்டை தேடுங்கள்.

மூங்கில் ஒட்டுபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மூங்கிலின் பலமெல்லாம் வெளித்தோலுக்கு அடியில் நெருக்கமாக ஓடும் நாரில் இருக்கிறது. முதுகு முகத்தைத் தொடவே கூடாது, கணுவையும் சீவித் தட்டையாக்கக் கூடாது. இழைப்பதெல்லாம் உட்பக்கம். மேல்முகம் உருண்டும் அடிமுகம் தட்டையாகவும் இருப்பதால் நடுவில் ஒரு நூல் இருக்கும்போது ஓரம் தானாகவே அரை நூலுக்கும் கீழே போய்விடும். நடுவை அளந்து தீர்மானியுங்கள். உட்பக்கத்தின் மெத்தென்ற பகுதியைக் கனத்துக்காக விட்டுவைத்தால் எந்தப் பலனும் இல்லை.

## அந்தக் கால் அங்குலப் பத்தை

கையில் இருக்கும் இரண்டு நூல் பத்தைக்கு வருவோம். 50 பவுண்டு லாங்போவுக்கு என்றால், பசைப் பக்கத்தை இழைத்து நடுவில் 3 மி.மீ., நுனியில் 1.5 என்று கொண்டுவாருங்கள். பாதிக்கு மேல் சுருளாக விழும். காசு கொடுத்து வாங்கியதை அப்படி விழவிடுவது கஷ்டம்தான், எனக்கும் கை வராது.

அதை நெடுகப் பிளந்து இரண்டாக்கலாமே என்று தோன்றும். வாள் தின்றது போக ஒவ்வொரு துண்டும் இரண்டரைக்குக் கீழே வரும், சீராக்கினால் 2 மி.மீ. 50 பவுண்டுக்கு நான் விரும்பும் அளவைவிட அது கொஞ்சம் மெல்லிசு. 35 பவுண்டு வில்லில் லிம்பின் மொத்தக் கனம் 22 மி.மீ. அளவுக்கு இறங்கும், அங்கே இந்த 2 மி.மீ. பத்தை விறைப்பில் 23 சதவீதம் சுமக்கும். நுனியில் ஒன்றேகாலுக்கு இறக்கிக்கொண்டால் பிள்ளைகளுக்கு இரண்டு வில் ஆகிவிடும். ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.